குறிப்பு-2

மார்ச் முப்பத்தொன்று நள்ளிரவில்
பழைய மென்பொருள் ஓய்வு பெறுகிறது.
கேக் இல்லை, கைக்கடிகாரம் இல்லை.
பத்தொன்பது வருடச் சேவைக்கு
‘உரிமம் புதுப்பிக்கப்படாது’ என்று ஒரு வரி.

லியபாயா நகரத்தின் வெந்நீர்க்குழாய் அலுவலகம்.
வெளியே பால்டிக் காற்று
டிராம் கம்பியை இழுத்து இழுத்துப் பார்க்கிறது.
உள்ளே விஸ்மா
பொருத்தம் பார்த்துக்கொண்டிருக்கிறாள்,
திரையின் இடப்பாதியில் பழைய புலங்கள்,
வலப்பாதியில் புதியவை.
சொத்து எண்ணுக்குச் சொத்து அடையாளம்: பொருந்தும்.
விட்டத்துக்கு விட்டம்: பெயர் பொருந்தும்,
ஒன்று சென்டிமீட்டரில் வளர்ந்தது,
மற்றது மில்லிமீட்டரில்.

நிறுவிய நாள்.
அறுநூற்றுப் பன்னிரண்டு வால்வுகள்
1900 ஜனவரி ஒன்றாம் தேதி பிறந்திருக்கின்றன.
தேதி தெரியாதவர்கள் எல்லாம் போட்ட தேதி.
நம்பினால், அன்று ஒருநாள்
நகரமே பிரசவ வார்டு.
காலியாக விட்டால் புதிய மென்பொருள் ஏற்காது.
பொய்யை ஏற்கும்.

நிலை.
பழையதில் யாரும் எதையும் எழுதலாம்:
‘முனகுகிறது.’
‘முனகல் நின்றுவிட்டது, அதுதான் பயம்.’
‘போன குளிரைத் தாங்கியது.’
‘ஐகர்ஸ் தவிர யாரும் தொட வேண்டாம்.’
புதியதில் ஒன்றிலிருந்து ஐந்து வரை.
முனகலுக்கு எத்தனை மதிப்பெண்?
விஸ்மா மூன்று போட்டாள்.
தாங்கியதற்கும் மூன்று.
பயத்துக்கு நான்கு போட்டு,
அழித்து,
மூன்று.
மதியத்துக்குள் ஊரே மூன்றாகிவிட்டது.

பழைய கள்ளைப் புதிய மொந்தையில் ஊற்றுவது
அவ்வளவு பெரிய வேலையில்லை
என்றுதான் ஒப்பந்தத்தில் இருந்தது.
மொந்தையின் வாயை யாரும் அளக்கவில்லை.

கடைசியில் மிஞ்சியது ஒரு புலம்: குறிப்பு-2.
வலப்பாதியில் அதற்கு யாரும் இல்லை.
தாலினிலிருந்து திரையில் தெரிந்த ராய்வோ சொன்னான்:
‘தொண்ணூற்றேழு சதவீதம் காலி. விட்டுவிடலாமா?’
அவன் பின்னால் ஒரு பூனை
அலமாரியில் ஏறிக்கொண்டிருந்தது.
‘நாளை சொல்கிறேன்’ என்றாள்.

அன்று இரவு மீதி மூன்று சதவீதத்தைப் படித்தாள்.
‘மூடிக்கு மேல் செவ்வாய்க்கிழமைகளில் மீன் வண்டி நிற்கும்.’
‘வரைபடத்தில் இருக்கிறது, தரையில் இல்லை.’
4471-இல்:
‘இடஞ்சுழித்தால்தான் மூடும். கை வெந்தது. தா.வி.’
தா.வி. யார்?
பணியாளர் பட்டியலில் தேடினாள்.
அந்தப் பட்டியல்
இதற்கும் முந்தைய மென்பொருளோடு போயிருந்தது.

புதியதில் இருநூற்றைம்பது எழுத்து கொள்ளும்
ஒரே புலம், உத்தரவாத வழங்குநர்.
காலியாகத்தான் கிடந்தது.
ராய்வோவிடம் கேட்கவில்லை.
முன்னூற்று முப்பத்தொன்பது வரிகளையும்
அங்கே குடியேற்றிவிட்டு,
கோட்டை மாட்டிக்கொண்டு
கடைசி டிராமைத் தவறவிட்டாள்.

நவம்பரில் புதிய மென்பொருள் தன் கடமையைச் செய்தது.
‘மதிப்பிற்குரிய
இடஞ்சுழித்தால்தான் மூடும் கை வெந்தது தா.வி.
நிறுவனத்தாருக்கு,
தங்கள் உத்தரவாதம் காலாவதியாகிறது.
நீட்டிக்க விருப்பமா?’
முகவரி இல்லாததால்
கடிதம் அச்சுப்பொறியிலேயே கிடந்தது.
கொள்முதல் பிரிவு சார்மீட்டெ தூக்கி வந்தாள்:
‘இப்படி ஒரு கம்பெனியா? லிதுவேனியாவா?’
எல்லோரும் சிரித்தார்கள்.
ஐகர்ஸ் மட்டும் இரண்டு தடவை படித்தான்,
நான்காக மடித்தான்,
வேலைச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

ஜனவரியில் ஒரு விடியற்காலை
சர்க்கரை ஆலைத் தெருவில் குழாய் வெடித்தது.
பனி மேல் ஆவி,
ஆவிக்குள் ஒரு மஞ்சள் விளக்கு, நாலு மாடி ஜன்னல்கள்.
ஐகர்ஸ் குழிக்குள் இறங்கினான்.
கைபேசி சொன்னது: 4471. நிலை: 3.
கை பழக்கத்தில் வலப்பக்கம் போனது.
நின்றது.
மறுபக்கம் போனது.

காலையில் விஸ்மாவின் திரையில்
ஒரு சிறிய சதுரம் காத்திருந்தது:
‘வழங்குநர் கடிதத்துக்குப் பதிலளித்தாரா?’
ஆம். இல்லை.
குறிப்பு எழுத இடமில்லை.
ஆம் என்று அழுத்தினாள்.